சும்மா போன சவாரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் பெரிசாக எழுதியது கோலமாவு டப்பா மேல் "இது உப்பு இல்லை" என்றுதான். நம் சனிக்கிழமைப் பின்னல் கூட்டத்தில் ஆளுக்கொரு சின்ன வயசு விஷயம் எழுதிவர வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் முடிவு பண்ணியபோது நான் தலையைக் குனிந்துகொண்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வருகிற பேச்சும் ஓடிப்போகும். எழுத்து என்றால் நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம்மில் ஒருத்தர் கேட்டீர்கள், "மெட்ராஸ் வெயில்ல கம்பளி பின்றோமே, நம்மளவிடப் பைத்தியம் எங்கியாவது உண்டா?" என்று. எல்லோரும் சிரித்தோம். எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் வீட்டில் இருந்தோம். நடுவில் முற்றமும் குழாயும், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எங்கள் அறையில் நைனா, அம்மா, நான், நைனாவின் தங்கச்சியான என் அத்தை. நைனா சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். அத்தைக்குப் பாண்டி பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. நாள் பூராவும் பத்திரிகை மடிக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது அதன் கையில் மை வாசனையும் மைதாப் பசை வாசனையும் கலந்து வரும். எனக்கு அந்தக் கையில் சோறு வாங்கித் தின்னப் பிடிக்கும்.

அந்த வருஷம் வெயில் தொடங்கும்போது அம்மா கட்டிலில் படுத்தது. எனக்குப் பின்னால் உண்டான பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. "இந்தக் குழந்தை தங்கணும்னா, பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது" என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நைனா கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார். அம்மா ஓர் இடத்தில் உட்காருகிற ஆளே இல்லை. சண்டை போட்டால்கூட நடந்துகொண்டே போடும்.

"நாள் பூரா படுத்துக்கினே கீறதுக்கு நான் இன்னா ரங்கநாதப் பெருமாளா?" என்று கேட்கும்.

"பெருமாளாட்டம் படுத்துக்கோ. நான் கால் புடிக்கிறேன்" என்று அத்தை அதன் காலைப் பிடித்து அமுக்கும்.

அம்மா இறங்கிவிடுமோ என்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பயம். நைனா சவாரிக்குப் போகும்போது என்னிடம், "அம்மா காலைக் கீழ வெச்சா ஓடிப் போயி வீட்டுக்கார அம்மாவைக் கூப்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வீட்டுக்கார அம்மா முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். வாய் கொஞ்சம் பெரிசு. ஆனால் அம்மாவுக்கு மிளகு ரசம் வைத்துத் தினமும் அனுப்பினது அவர்தான்.

இப்போது கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். பிரஸ்ஸில் மெஷின் துடைக்கக் கந்தல் துணி மூட்டை வாங்குவார்கள். அதில் ஒரு முறை சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வந்தது. யாரோ ஒருத்தர் அதன் ஒரு ஓரத்தால் மெஷினைத் துடைத்தும்விட்டார், கறுப்பு மை ஏறிவிட்டது. அதை அத்தை கேட்டு வாங்கி வந்தது. அதற்குப் பின்னல் தெரியாது. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. அது என்ன செய்தது தெரியுமா? அந்த ஸ்வெட்டரின் ஒரு முனையைப் பிடித்து மெள்ள மெள்ளப் பிரித்தது. ஒவ்வொரு நூல் கண்ணும் எந்தக் கண்ணுக்குள்ளே இருந்து வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே பிரித்தது. பாதி ஸ்வெட்டர் பிரிந்தபோது அதற்குப் புரிந்துவிட்டது. வந்த வழியே திருப்பி அனுப்பினால் பின்னல்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நீங்கள் போனில் வீடியோ பார்த்துப் போடுகிறீர்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் முடிந்துபோன ஒன்றைப் பின்னாலேயே நடந்து போய்க் கற்றுக்கொண்டவர்களை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஊசி, நைனாவின் ரிக்‌ஷா சக்கரத்தில் உடைந்த கம்பிதான். தலையை வெட்டி, அம்மிக்கல்லில் முனை தேய்த்துக்கொண்டது.

நூல் அந்த ஓர் உருண்டைதான். அதனால் ஒன்றைப் பின்னி முடித்தால் பிரித்துத்தான் அடுத்ததைப் பின்ன முடியும். திங்கட்கிழமை தொப்பியாக இருந்தது வெள்ளிக்கிழமை பையாகிவிடும். அப்புறம் ஒரு கால் உறை. அந்தக் கறுப்பு மைக் கறை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் வந்து நிற்கும். தொப்பியில் காதுகிட்ட, பையில் அடியில், கால் உறையில் கட்டைவிரல் மேல். "இப்ப எங்க வரும் சொல்டி" என்று அம்மா என்னிடம் பந்தயம் கட்டும். வேர்த்த கையில் கம்பளி நனைந்து ஆட்டு வாசனை அடிக்கும். அத்தை பவுடர் தட்டிக்கொண்டு பின்னும். இத்தனை பொருளும் இந்த ஓர் உருண்டைக்குள் முன்னாலேயே இருந்ததா என்று நான் அதைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் லீவு. காலையில் சமைத்து வைத்துவிட்டு அத்தை ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறும். எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அது. கடைசி நிறுத்தம் வரைக்கும் போகும். இறங்கி, ஒரு டீ குடித்து, சுற்றிப் பார்த்து, அதே பஸ்ஸில் திரும்பி வரும். எண்ணூர், பூந்தமல்லி, செங்குன்றம், பரங்கிமலை என்று அப்படித்தான் போனது. வந்தவுடன் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்யும். பிரஸ்ஸில் அச்சு தவறிப்போன பத்திரிகைகளைத் தூக்கிப் போடுவார்கள், அதை வெட்டி ஒட்டும். தங்க பார்டரை வெட்டி எண்ணூர்க் கடலில் வெயில். ரோஸ் அட்டையில் செங்குன்றம் ஏரிக்கரை. பத்திரிகை உச்சியில் இருக்கிற பிள்ளையாரைக் குப்பையில் போட அதற்கு மனசு வராது. அதனால் எல்லா ஊரிலும் ஒரு மூலையில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பரங்கிமலை சர்ச்சுக்கு மேலேகூட.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை வாங்கியவுடன் திருப்பிப் பார்த்து, "மொதல்ல பின்னாடி யாரு கண்ணாலம்னு படி" என்று கேட்கும். அப்புறம்தான் ஊரைப் பார்க்கும். பார்த்தால் விடாது. "பஸ்ல பக்கத்துல யாரு குந்தினா? அந்த ஊர்ல தண்ணி உப்பா? டீ எப்டி கீது?" அத்தை எல்லாம் சொல்லும். அட்டையைச் சுவரில் ஒட்டும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அம்மா அந்த ஊரில் இருக்கும்.

படிப்பும் உண்டு. பத்திரிகைக் கட்டுக்கு நடுவில் வைக்கிற பழைய வாரப் புத்தகங்களை அத்தை எடுத்து வரும். தொடர்கதையில் நடுநடுவே வாரம் இருக்காது.

"போன வாரம் அவன் ஜெயில்ல இருந்தான். இப்ப ஊட்டில ரோஜாப் பூ வாங்கறான். நடுவுல இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்கும்.

"தெரியல அண்ணி, அந்த வாரம் இல்ல."

"அவன் மாமனார்தான் வந்து வெளிய எடுத்திருப்பாரு. நான் அப்பவே சொன்னேன், அந்தாளு மீசைதான் பெருசு, மனசு நல்லது."

"மீசை நீயா வெச்சது. கதைல இல்ல."

"நான் வெச்சா இன்னா, நல்லாத்தான கீது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கார அம்மா ரசத்தோடு உள்ளே வந்தார். அத்தை அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் உருண்டை சுற்றிக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல் அம்மா வயிற்றின் மேலாக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா ரசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப் பாவி, வாயும் வயிறுமா கீறவ பக்கத்துல குந்திக்கினு கூடி வந்ததை அவுக்கிறியே! உள்ள ஒரு உசுரு இப்பத்தான் கூடிக்கினு வருது. நீ வெளில பிரிச்சுப் போட்டா?"

அத்தையின் கை நின்றது. அப்புறம் அது ஒரு கண்ணும் பிரிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதை நான் பார்த்தேன். பயம்தான். ஆனால் பயந்தவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். நைனா ரிக்‌ஷாவை நிறுத்துவதற்குள் முற்றம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: அண்ணிக்காரி படுக்கையில் கிடக்க, இவள் ஞாயிறானால் எங்கே போகிறாள்?

நைனா அத்தையிடம் அதைத்தான் முதலில் கேட்டார்.

"கடைசி ஸ்டாப் வரிக்கும் போவேன். திரும்பி வருவேன்."

"யாரைப் பாக்க?"

"யாரையும் இல்ல."

"இன்னா வேலையா?"

"வேல இல்ல. சும்மா."

நைனாவால் அதை நம்ப முடியவில்லை. இப்போது யோசித்தால் புரிகிறது. ஊர் பூராவும் மிதித்தவர் அவர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ரயிலுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறார். சும்மா போகிற ஒருத்தரை அவர் ஏற்றியதே இல்லை. "ஊர்ல எவனாவது சும்மா ஒரு இடத்துக்குப் போவானா?" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஆதம்பாக்கத்துல பெரிம்மா வீட்டுக்குப் போய் இரு. கொழந்த பொறந்தப்புறம் வா. இந்த வாட்டியும் எதுனா ஆச்சுன்னா..."

அத்தை எழுந்தது. புடவையைப் பையில் வைத்தது. பாதி பிரிந்த பின்னலையும் வைத்தது. ரிக்‌ஷாக் கம்பி இரண்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை. அந்தக் கம்பி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கட்டிலில் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டது.

"ஏய், காலை மேல வை!" என்று நைனா கத்தினார்.

"மாட்டேன். அவ போறா. நானும் போறேன். கொழாய்ல தண்ணி புடிச்சு ரொம்ப நாளாச்சு."

"புரிஞ்சுதான் பேசறியா? உள்ள கொழந்தை கீது."

"எனக்குத் தெரியாதா எங்க கீதுன்னு?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அதுவரைக்கும் நைனாவை எதிர்த்து அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "விடிஞ்சா இந்தக் கூரையைப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறேன். நீ மெட்ராஸ் பூரா சுத்திட்டு வர. ஒரு தெருவைப் பத்தி எங்கிட்ட வாயைத் தொறந்து கீறியா? துண்டை ஒதறிட்டு சோறு போடுன்னுவ. இவ எண்ணூரைக் கொணாந்து இந்தச் சொவத்துல ஒட்னா. பூந்தமல்லியக் கொணாந்தா. அதப் பாத்துக்கினுதான் நான் எறங்காம கீறேன். நீ வெச்ச செங்கல்லால இல்ல."

நைனா சுவரைப் பார்த்தார். அந்த அட்டைகளை அவர் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடல், ஏரி, மலை, மூலைக்கு மூலை பிள்ளையார். அப்புறம் அத்தையிடம், "பையைக் கீழ வை" என்றார். அம்மாவின் காலைத் தானே தூக்கிக் கட்டில் மேல் வைத்தார்.

அத்தை தங்கிவிட்டது. ஆனால் பிரிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்தப் பாதிப் பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் நைனா ரங்கநாதன் தெருவுக்குப் போய், "பின்றதுக்கு நூல்" என்று கேட்டு, பெருமையாக ஒரு கட்டு கொண்டு வந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால், கூடை பின்னுகிற பச்சைப் பிளாஸ்டிக் ஒயர். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "சிரிக்காத, சிரிக்காத, ஆடுது" என்று நைனா பதறினார். அத்தை அதில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஒரு கூடை போட்டது.

அப்புறம் முகூர்த்தக் காலம் வந்தது. பிரஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அத்தைக்குப் பஸ் இல்லை, எங்களுக்கு அட்டை இல்லை. அம்மா பழைய அட்டைகளையே பார்த்துப் பார்த்துப் புரண்டது. ஒரு ஞாயிறு நான் முற்றத்திலிருந்து வந்தபோது அம்மாவின் கால் மறுபடி தரையில் இருந்தது. நைனாவும் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கொஞ்ச நேரம் அம்மாவோடு உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்து, "வா, ஏறு" என்றார்.

நான் நைனாவின் ரிக்‌ஷாவில் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் கால் வைக்கிற பலகையில்தான் உட்காருவேன். சீட்டிலிருந்து பார்த்தால் தெரு வேறு தெருவாக இருந்தது. நைனாவின் முதுகு வேர்வையில் மெள்ள மெள்ளக் கறுத்தது. அந்த முதுகை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

சாந்தோம்கிட்ட ஒருத்தர் கை காட்டினார். "ரிக்‌ஷா, வருமா?"

"வராது."

"குழந்தைதானே குந்திக்கினு கீது. எங்க போற?"

நைனா மிதிப்பதை நிறுத்தினார். பதில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "எங்கியும் இல்ல" என்றார். "சும்மா போறோம்."

அந்த ஆள் சிரித்தார். நைனாவும் சிரித்தார். அப்புறம் வேகமாக மிதித்தார்.

பட்டினப்பாக்கம் தாண்டி ரோடு முடிந்தது. ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம். அங்கேதான் அடையாறு கடலில் சேருகிறது. அந்தச் சின்ன வயசில் நான் ஆறு வேறு, கடல் வேறு, நடுவில் சுவர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுவர் எதுவும் இல்லை. பழுப்புத் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பச்சைத் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு நிற்கவில்லை. உயிரோடு இருக்கிற மாதிரி நெளிந்தது. ஒரு அலை வந்தால் ஆறு பின்வாங்கும், அலை போனால் ஆறு மறுபடி முன்னால் வரும். வெள்ளைப் பறவைகள் சரியாக அந்தக் கோட்டின் மேல் நின்று மீன் கொத்தின.

நைனா குந்தி உட்கார்ந்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு எத்தனையோ சவாரி வந்திருப்பார். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியிருப்பார்.

"இது எப்பவும் இங்கதான் கீதா?" என்று என்னைக் கேட்டார். எட்டு வயசுப் பிள்ளையைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எங்க போனீங்க?" என்றது. நைனா கட்டில் பக்கத்தில், அத்தை உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணியப் பாத்தோம்."

"தண்ணி கொழாய்லகூட வருது."

"இது அப்டி இல்ல." கையை வைத்துக் காட்டினார். ஒரு கை ஆறு, ஒரு கை கடல். கைகள் ஒன்றையொன்று தள்ளின. சொல்லச் சொல்ல அவருக்கு வார்த்தை வந்தது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது. அது நைனாவை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அத்தை வேலை முடிந்து வந்தவுடன் அட்டை தயாரானது. நைனா பக்கத்திலேயே நின்று அதிகாரம் பண்ணினார். "இல்ல, கோடு நேரா இல்ல. நெளிச்சு வெட்டு. பழுப்பு இந்தாண்ட." "அந்தாண்டன்னியே இப்ப?" "நீ பாத்தியா, நான் பாத்தேனா?" பிள்ளையார் இந்த முறை மணல்திட்டில் இறங்கினார். சுவரில் ஒட்டியபின் நைனா ஆணியில் தொங்கிய பாதிப் பையைப் பார்த்தார். "அது இன்னா நடுவுலயே நின்னுக்கினு கீது. குடு, நான் அவுக்கறேன். எதுனா ஆனா என் மேல போவட்டும்."

அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவு" என்றது.

நைனா நூலைப் பிடித்து இழுத்தார். வரிசை வரிசையாகச் சத்தமில்லாமல் விட்டது. சைக்கிள் சங்கிலியும் பிரேக்குமாகப் பழகின அந்தப் பெரிய கை, எங்கேயும் சிக்காமல் வருகிற அந்த நூலை இரண்டே விரலால் பிடித்திருந்தது. "ஒரு முடிச்சுகூட இல்லியே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சும்மா சவாரி உண்டு. அம்மா இறங்கவில்லை.

மழைக் காலத்தில், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, என் தம்பி பிறந்தான். பச்சைக் கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், தம்பியோடு வந்தார்கள். பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு எதுவும் செய்யக் கூடாது என்பதால் அத்தை தம்பிக்காக அன்றைக்குத்தான் கம்பியை எடுத்தது. அந்தச் சிவப்பு உருண்டையில் ஒரு தொப்பி. கடைசிக் கண்ணை முடித்து, நூலை வெட்டிவிட்டது. அந்த நூலை வெட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தம்பிக்கு மாட்டினபோது, கறுப்பு மைக் கறை சரியாக நெற்றி நடுவில் வந்து நின்றது. வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி. யாரும் கணக்குப் பண்ணிப் போடவில்லை. வீட்டுக்கார அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அத்தையிடம் மெதுவாக, "எம் பேரனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. நூலு நான் வாங்கியாரேன்" என்றார்.

"ஒயர் வாங்கிறாத" என்றது அம்மா, முற்றத்தில் நின்றுகொண்டு.

அத்தை பிற்பாடு கல்யாணமாகிப் போனது. கடைசி வரைக்கும் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் போய் வந்தது. தம்பிக்கு இப்போது தலையில் முடி இல்லை. தொப்பி அவனிடம் இருக்கிறது. அட்டைகள்தான் இல்லை. இன்னொரு மழையில் கால்வாய் வீட்டுக்குள் வந்தபோது எண்ணூர், பூந்தமல்லி, பரங்கிமலை எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் போய்விட்டன. ஆறும் கடலும் சேர்ந்த அட்டையும் போனது.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முட்டி வலி, மணலில் நடக்க முடியாது. பழுப்புத் தண்ணீர் இந்தாண்டையா அந்தாண்டையா என்று நைனாவும் அத்தையும் முடிவு பண்ணாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் எழுதியதில் அது சரியா, பறவைகள் கோட்டின் மேல்தான் நிற்கின்றனவா என்று யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், அப்படிப் போனால் தெரியாது. அதற்கென்றே போங்கள். வழியில் யாராவது எங்கே என்று கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள்.